ஆண் குழந்தைக்குப் பெயர்: முதலெழுத்தும் பொருளும்



"ஹஜ்ரத், பையன் பொறந்திருக்கான். 'ஜ' எழுத்துல நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க." ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பகுதிகளில் இமாமாக இருப்பவர்களுக்கு இது பழகிப்போன அழைப்பு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கேட்ட ஒரு தந்தைக்கு நான் 'ஜலீல்' என்று சொன்னேன். கண்ணியம் மிக்கவர் என்பது அதன் பொருள். அவர் தமிழில் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் பதிந்தவர், ஜுபைர், ஜாகிர் போன்ற பெயர்களுக்கு 'இஸட்' போடுவதைப் பார்த்துப் பழகியவர் போலும். இதற்கும் 'ஜே' போடாமல் 'இஸட்' போட்டுவிட்டார். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள். ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்து, எழுதியிருந்தபடியே வாசித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். உருதுவில் அந்த உச்சரிப்புக்கு இழிந்தவன், கேவலப்பட்டவன் என்று பொருள். அரபியிலும் அதே பொருள்தான். மாலையில் அந்தத் தந்தை பள்ளிவாசலுக்கு வந்து, "நீங்க சொன்ன பேருதானே ஹஜ்ரத்?" என்று கேட்டார். பொருளைச் சொன்ன நான், எந்த அரபி எழுத்து என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். தவறு என்னுடையது.

அன்றிலிருந்து பெயர் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தமிழ் எழுத்தை வைத்துப் பெயரைத் தேடலாம், ஆனால் பெயரின் பொருளை முடிவு செய்வது அரபி எழுத்து. அதைத் தெரிந்துகொள்ளாமல் பெயரை உறுதி செய்யாதீர்கள்.

முதலெழுத்து பார்ப்பது கூடுமா?

அண்ணன் ஃபாரூக், தம்பிக்கும் 'ஃபா'வில் வேண்டும் என்று கேட்பார்கள். தாத்தாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கின்றன, அதையே தொடரலாமா என்பார்கள். இதில் மார்க்கத் தடை எதுவும் இல்லை. அது குடும்பத்தின் விருப்பம்.

ஆனால் நட்சத்திரத்துக்கு இந்த எழுத்து, பிறந்த தேதிக்கு இந்த எண் என்று கணக்குப் பார்த்து வருவது வேறு. நம் மஹல்லாக்களிலும் இந்தப் பழக்கம் புகுந்திருக்கிறது. பெயருக்கு நடுவில் ஓர் எழுத்தை இரட்டித்தால் யோகம் வரும் என்று எழுத்தைக் கூட்டியவர்களும் உண்டு. குறி சொல்பவனிடம் போய்க் கேட்டவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் (முஸ்லிம்). நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில். எந்த எழுத்துக்கும் அந்தச் சக்தி கிடையாது.

எப்போது பெயர் வைப்பது?

ஏழாம் நாள் அகீகா கொடுத்து, தலைமுடி இறக்கி, பெயர் சூட்டுவது ஸமுரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது (அபூதாவூத், திர்மிதீ). பிறந்த உடனேயும் வைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் தமக்கு மகன் பிறந்த மறுநாளே, முந்தைய இரவு பிறந்த குழந்தைக்குத் தம் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டியதாக அறிவித்தார்கள் (முஸ்லிம்). எனவே ஏழு நாள் என்பது நமக்குக் கிடைக்கும் நல்ல அவகாசம். அந்த அவகாசத்தில் பெயரின் எழுத்தையும் பொருளையும் விசாரித்துவிடலாம்.

ஒரு தமிழ் எழுத்து, பல அரபி எழுத்துகள்

நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று நாம் சொல்வது அதுதான். அதில் பெயர்கள் அரபி எழுத்து மாறாமல் நின்றன. தமிழ் எழுத்துக்கு வந்தபோது பல ஒலிகள் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிட்டன. 'கபர்' என்று எழுதினால் செய்தியா, மண்ணறையா? வாக்கியத்தை வைத்துப் புரிந்துகொள்கிறோம். பெயருக்கு முன்னும் பின்னும் வாக்கியம் கிடையாது. அதனால்தான் அதில் எழுத்து முக்கியமாகிறது. அடிக்கடி குழப்பம் வரும் எழுத்துகள் இவை:

அ, ஆ: அரபியில் அலிஃப் ஒன்று, ஐன் ஒன்று. 'அல்லாஹ்' அலிஃபில் தொடங்குகிறது. 'இல்ம்' ஐனில் தொடங்குகிறது.
• அலீம்: ஐன் என்றால் நன்கறிந்தவர். அலிஃப் என்றால் வேதனை தருவது. குர்ஆனில் 'அதாபுன் அலீம்' என்று வருவது இரண்டாவது.
• ஆஸிம்: ஐனும் ஸாதும் வந்தால் பாதுகாப்பவர், இது நபித்தோழர் ஒருவரின் பெயர். அலிஃபும், 'ஸவாப்' என்பதன் முதலெழுத்தான ஸாவும் வந்தால் பாவம் செய்தவர்.
• ஆகில்: ஐனும் 'குர்ஆன்' என்பதன் காஃபும் வந்தால் அறிவாளி. அலிஃபும் 'கிதாப்' என்பதன் காஃபும் வந்தால் சாப்பிடுபவர். பிரியாணிக்குப் பெயர் பெற்ற ஆம்பூர்க்காரர்களுக்கு அதில் வருத்தம் இருக்காது. ஆனாலும் பெயராக வேண்டாம்.

க: இதில் நான்கு எழுத்துகள் உள்ளன: 'குர்ஆன்' என்பதன் காஃப், 'கிதாப்' என்பதன் காஃப், 'கைர்' என்பதன் கா, 'கைப்' (மறைவானவை) என்பதன் கைன்.
• கலீல்: கைர் எழுத்தில் உற்ற நண்பர், இப்ராஹீம் (அலை) அவர்களின் சிறப்புப் பெயர். குர்ஆன் எழுத்தில் சொற்பம். கிதாப் எழுத்தில் மழுங்கியது, சோர்ந்தது. கைனில் கடும் தாகம், உள்ளத்தின் கொதிப்பு.
• காமில்: கிதாப் எழுத்தில் நிறைவானவர். கைர் எழுத்தில் பெயர் தெரியாதவர், மந்தமானவர்.
• காதிர்: குர்ஆன் எழுத்தில் ஆற்றல் உள்ளவன். கைனில் துரோகி.
• கஃபார், கஃபூர்: கைனில் பெரிதும் மன்னிப்பவன். கிதாப் எழுத்தில் பெரும் நன்றிகெட்டவன். அப்துல் கஃபார், அப்துல் கஃபூர் என்ற பெயர்கள் நம் பகுதியில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அழைக்கும்போது கைனைத் தொண்டையிலிருந்து எடுத்துச் சொல்லப் பழகுவது நம் கடமை.
• காஸிம்: குர்ஆன் எழுத்தும் ஸீனும் வந்தால் பங்கிட்டுத் தருபவர்; நபி (ஸல்) அவர்களின் மகனார் பெயர். ஸாத் வந்தால் உடைத்து நொறுக்குபவர்.

ஹ: 'ஹம்து' என்பதன் ஹா ஒன்று, 'ஹிதாயத்' என்பதன் ஹா ஒன்று.
• ஹாமித்: ஹம்து எழுத்தில் புகழ்பவர். ஹிதாயத் எழுத்தில் அணைந்துபோனது, உயிரற்றது.

ஸ, ஜ: இங்குதான் குழப்பம் அதிகம். ஸீன், ஸாத், ஸா என்று ஒரு கூட்டம். அதோடு தமிழ் மதரஸாவில் நாம் தால், ளாத், ளா என்று ஓதும் எழுத்துகளை உருது பேசுவோர் எல்லாவற்றையும் ஒரே 'இஸட்' ஒலியில் சொல்கிறார்கள். நாம் ரமளான் என்பதை அவர்கள் ரம்ஜான் என்பது இதனால்தான்.
• ஜலீல்: ஜீம் என்றால் கண்ணியமானவர். தால் என்றால் இழிந்தவர்.
• ஜலால்: ஜீம் என்றால் மகத்துவம். ளாத் என்றால் வழிகேடு.
• ஸாலிம்: ஸீன் என்றால் நலமாக இருப்பவர். ளா என்றால் அநியாயக்காரர். ஆங்கிலத்தில் இதற்கு 'எஸ்' மட்டுமே போட வேண்டும்.
• ஸாஹிர்: ளா என்றால் வெளிப்படையானவர். 'ஸகாத்' என்பதன் எழுத்து என்றால் ஒளிர்பவர், மலர்ந்தவர். ஸீனும் ஹம்து எழுத்தும் சேர்ந்தால் சூனியக்காரர்.

ப: தமிழில் ஃபாவையும் பாவையும் சேர்த்து எழுதிவிடுகிறோம்.
• ஃபாயிஸ்: ஃபாவில் தொடங்கினால் வெற்றி பெற்றவர். புள்ளி வைக்காமல் 'பாயிஸ்' என்று எழுதி அப்படியே அழைத்தால், அரபியில் துன்பத்தில் வாடுபவர் என்றாகிவிடும்.

ர, ல: தமிழ் இலக்கண மரபில் இந்த எழுத்துகள் சொல்லின் முதலில் வராது. அதனால் பழைய பத்திரங்களில் ரஹ்மத்துல்லாஹ் 'இரஹ்மத்துல்லா' ஆகி இருக்கும். கல்லூரியில் தமிழ் படித்தபோதுதான் எனக்கு இதன் காரணம் புரிந்தது. பொருள் மாறாது, ஆனால் தாத்தாவின் பத்திரத்தில் 'இ', பேரனின் சான்றிதழில் 'ர' என்று இருந்தால் அலுவலகங்களில் அலைய வேண்டிவரும்.

நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயர்கள்

பொருளுக்கு நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும்.

உமர் (ரலி) அவர்களின் மகள் ஒருவருக்கு 'ஆஸியா' என்று பெயர் இருந்தது. ஐனும் ஸாதும் வரும் அந்தச் சொல்லுக்கு மாறு செய்பவள் என்று பொருள். நபியவர்கள் அதை ஜமீலா என்று மாற்றினார்கள் (முஸ்லிம்). ஃபிர்அவ்னின் மனைவியான நல்லடியார் ஆஸியாவின் பெயர் அலிஃபும் ஸீனும் கொண்டது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஒன்று நபியவர்கள் மாற்றிய பெயர். மற்றது நாம் விரும்பி வைக்கும் பெயர்.

தாபிஈன்களில் பெரும் அறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யப் அவர்களின் பாட்டனாருக்கு 'ஹஸ்ன்' என்று பெயர். 'ஸகாத்' என்பதன் எழுத்து வரும் அதற்குக் கரடுமுரடான நிலம் என்று பொருள். இலகுவானது எனும் பொருளுடைய 'ஸஹ்ல்' என்று நபியவர்கள் மாற்றச் சொன்னபோது, தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடினத்தன்மை எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது என்று பேரனார் வருந்திக் கூறியிருக்கிறார்கள் (புகாரீ). இங்கேயும் ஸீன் வந்து ஹஸன் என்று இருந்திருந்தால் அழகானவர் என்று பொருள்.

கவனமாக இருக்க வேண்டிய பெயர்கள்

1. அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர்கள்: ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக், குத்தூஸ், ஸமத் போன்றவற்றை 'அப்து' சேர்த்தே வைக்க வேண்டும், சேர்த்தே அழைக்கவும் வேண்டும். கரீம், ரஹீம், ஹகீம், அலீ போன்றவை மனிதர்களுக்கும் பொருந்தும் தன்மைகள் என்பதால் தனியாக வைக்கத் தடையில்லை.

2. அப்து சேர்க்கும்போது: அல்லாஹ்வின் பெயரோடு மட்டுமே சேர்க்க வேண்டும். படைப்பு எதற்கும் அடிமை என்று பொருள் வரக்கூடாது.

3. மன்னாதி மன்னன் என்ற பொருள்: இது அல்லாஹ்விடம் மிக வெறுப்புக்குரிய பெயர் என்று ஹதீஸ் உண்டு (புகாரீ, முஸ்லிம்). பாரசீகத்தில் 'ஷாஹின்ஷா' என்பதற்கு இதுவே பொருள். நம் பகுதியில் இந்தப் பெயர் இன்னும் வைக்கப்படுகிறது, தவிர்த்துவிடுங்கள்.

4. 'இல்லை' என்று பதில் வரும் பெயர்கள்: யஸார், ரபாஹ், நஜீஹ், அஃப்லஹ் போன்ற பெயர்களை வைக்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு உண்டு. வெற்றியாளன் இருக்கிறானா என்று கேட்டால், இல்லை என்று சொல்ல நேரும் என்பது காரணம். நபியவர்கள் தடுக்க எண்ணிப் பின் மௌனமாக இருந்துவிட்டார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (இரண்டும் முஸ்லிம்). அதனால் உலமாக்கள் இதை ஹராம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே வைத்தவர்கள் கலங்க வேண்டாம்.

அரபிப் பெயர்தான் வேண்டுமா?

நல்ல பொருள் இருந்தால் வேறு மொழிப் பெயரும் கூடும். இப்ராஹீம், இஸ்மாயீல், இஸ்ஹாக் ஆகியவையே மூலத்தில் அரபிச் சொற்கள் அல்ல. நம் பக்கத்துப் 'பாஷா' பாரசீகத்துப் பாதுஷாவிலிருந்து வந்தது. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் நினைவாகவே திப்பு சுல்தானுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்லப்படுகிறது. நல்லடியார் ஒருவரை நினைத்துப் பெயர் வைக்கும் வழக்கம் பாலாற்றங்கரைக்குப் புதிதல்ல.

நம் ஊர்களின் அறிவுக் கூடங்களே நல்ல பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய அஃலா ஹஜ்ரத் அவர்களின் பெயர் அப்துல் வஹ்ஹாப், பெருங்கொடையாளனின் அடியார். மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரிக்கு அப்துல் ஹகீம் என்று பெயர், ஞானமிக்கவனின் அடியார். ஆம்பூருக்கு அருகே 1924இல் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காகா முஹம்மது உமர் அவர்களின் பெயரே உமராபாத் என்று ஊரின் பெயராயிற்று. குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் இப்படி ஒருவரின் வாழ்க்கையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பெயர் அவன் மனத்தில் வேர்விடும்.

எழுத்து வாரியாகச் சில பெயர்கள்

அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ், அப்துர்ரஹ்மான் (முஸ்லிம்). இரண்டும் ஐனில் தொடங்குபவை. இவற்றுக்கு அடுத்து நபிமார்கள், ஸஹாபாக்களின் பெயர்கள்.

அ: அஹ்மத் (மிகவும் புகழுக்குரியவர்), அமீன் (நம்பிக்கைக்குரியவர்), அன்வர் (பேரொளி உடையவர்), ஐனில்: அலீ (உயர்ந்தவர்), அம்மார் (நபித்தோழர்).
ஆ: ஆதம் (முதல் நபி); ஐனில்: ஆதில் (நீதியாளர்), ஆரிஃப் (அறிந்தவர்), ஆமிர் (செழிக்கச் செய்பவர்).
இ, ஈ: இப்ராஹீம், இஸ்மாயீல், இத்ரீஸ், இல்யாஸ் (நபிமார்கள்), இஹ்ஸான் (நன்மை புரிதல்), ஐனில்: ஈஸா (நபி), இம்ரான், இர்ஃபான் (அறிதல்).
உ: உஸாமா (சிங்கம்), ஐனில்: உமர், உஸ்மான் (கலீஃபாக்கள்).
க: காலித் (நிலைத்திருப்பவர், கைர் எழுத்து), கலீல் (கைர் எழுத்து), காஸிம் (குர்ஆன் எழுத்து, ஸீன்), காமில், கரீம் (தயாளர், இரண்டும் கிதாப் எழுத்து).
ஸ: ஸல்மான், ஸஅத் (நற்பேறு), ஸயீத் (நற்பேறு பெற்றவர், மூன்றும் ஸீன்), ஸாபிர் (பொறுமையாளர்), ஸாலிஹ் (நல்லவர், இரண்டும் ஸாத்), ஸாபித் (உறுதியானவர், ஸவாப் எழுத்து).
ஷ: ஷாகிர் (நன்றி செலுத்துபவர்), ஷஃபீக் (இரக்கமுள்ளவர்), ஷுஐப் (நபி).
ஜ: ஜாபிர் (சீராக்குபவர்), ஜஃபர் (சிற்றாறு), ஜமீல் (அழகர், மூன்றும் ஜீம்), ஜுபைர், ஜைத் (நபித்தோழர்கள், ஸகாத் எழுத்து), ஜாகிர் (இறைவனை நினைப்பவர், தால்).
த: தாஹிர் (தூயவர்), தாரிக் (இரவில் வருபவர், விண்மீன்), தல்ஹா (நபித்தோழர்), தாவூத் (நபி).
ந: நூஹ் (நபி), நயீம் (இன்பம்), நவ்ஃபல் (கொடையாளி), நஸீர் (உதவுபவர், ஸாத்).
ப, ஃப: பிலால் (நபித்தோழர்), பஷீர் (நற்செய்தி சொல்பவர்), புர்ஹான் (சான்று), ஃபாரூக் (உண்மையைப் பிரித்துக் காட்டுபவர்), ஃபாயிஸ்.
ம: முஹம்மது (புகழப்பட்டவர்), மூஸா (நபி), முஆத் (நபித்தோழர்), முபாரக் (பரக்கத் அளிக்கப்பட்டவர்).
ய: யஹ்யா, யஃகூப், யூசுஃப், யூனுஸ் (நபிமார்கள்).
ர, ல: ராஷித் (நேர்வழி நிற்பவர்), ரய்யான் (நோன்பாளிகளுக்கான சுவர்க்க வாசல்), லுக்மான் (ஞானி).
வ: வலீத் (பிறந்த குழந்தை), வஸீம் (அழகிய தோற்றமுள்ளவர்).
ஹ: ஹஸன், ஹுஸைன், ஹம்ஸா, ஹாரிஸ் (உழைத்துப் பயிரிடுபவர், ஹம்து எழுத்து), ஹாரூன், ஹூத் (நபிமார்கள்), ஹாஷிம் (ஹிதாயத் எழுத்து).

பதிவு செய்யும்போது

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்போதே பெயர் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். எனவே மருத்துவமனையில் அவசரப்பட்டு ஏதோ ஒன்றை எழுதிக் கொடுக்க வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் காட்டும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அதில் உள்ள எழுத்தே பிள்ளையின் கூடவே வரும்.

• பெயரை அரபியிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, உங்கள் இமாமிடம் காட்டிவிட்டுப் பிறகு கொடுங்கள்.
• அப்துர்ரஹ்மான் போன்ற பெயர்களை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்து எழுதினால் படிவங்களில் 'அப்துல்' ஒரு கட்டத்திலும் 'ரஹ்மான்' இன்னொரு கட்டத்திலும் போய்விடும். பிறகு பிள்ளையை 'ரஹ்மான்' என்றே அழைப்பார்கள்.
• தந்தை பெயரை இனிஷியலாக வைப்பது நம் வழக்கம். பிள்ளைகளைத் தந்தையரோடு சேர்த்து அழைக்கச் சொல்லும் குர்ஆனின் கட்டளைக்கு (33:5) அது பொருத்தமானதே. ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதிவிடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் பலர் சிரமப்பட்டார்கள்.

ஏற்கெனவே வைத்துவிட்டோமே?

பதற வேண்டாம். நல்ல பொருளை நினைத்து வைத்த பெயர் நல்ல பெயர்தான். தமிழில் எழுதும்போது ஒலி மாறுவதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. அழைக்கும் முறையைத் திருத்திக்கொள்ளுங்கள். சான்றிதழில் எழுத்துப்பிழை இருந்தால் பிறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் திருத்தலாம். பெயரையே மாற்ற வேண்டுமானால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு மாற்றலாம்.

அந்த ஜலீலின் சான்றிதழையும் அப்படித்தான் திருத்தினோம். பள்ளிக்கும் அலுவலகத்துக்குமாகச் சில மாதங்கள் அவனுடைய தந்தையோடு நானும் அலைந்தேன். வேலை முடிந்த அன்று பையனை உட்காரவைத்து, அரபியில் ஜீம் எழுத்தை எழுதிக் காட்டி, இதுதான் உன் எழுத்து என்று சொன்னேன். அவன் அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிக்கொண்டான்.

உங்கள் வீட்டில் பிறக்கும் பிள்ளைக்கும் அவனுடைய எழுத்து எது என்று ஏழாம் நாளுக்குள் தெரிந்துகொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் பெயர்களையும் அந்தப் பெயர்களுக்கேற்ற குணங்களையும் அல்லாஹ் அழகாக்கி வைப்பானாக. ஆமீன்.